பதினேழாம் கட்டில்

சேசு மரி சூசை

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
11.02.1979

அன்புள்ள மகள் ஞானமலருக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். என் சுகத்தைப் பற்றி விவரமாக எழுதும்படி கேட்டிருந்தாய். கேட்டதற்காகச் சொல்கிறேன், முறைப்பாடாக எடுத்துக்கொள்ளாதே.

இடது இடுப்பு இப்போது எனக்குக் கீழ்ப்படிவதில்லை. இங்குள்ள டொக்டர் எக்ஸ்றேப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, தொடை எலும்பின் உருண்டை தேய்ந்து போய்விட்டது, மருந்தால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைக்கலாமாம். அதைச் செய்யும் ஆள் கொழும்பில்தான் இருக்கிறாராம். கைத்தடி ஒன்று வாங்கும்படி சொன்னார். நான் வாங்கவில்லை. உன் அப்பாவின் குடை இருக்கிறது. வெயிலானாலும் மழையானாலும் அதை ஊன்றிக்கொண்டு நடக்கிறேன். பார்ப்பவர்களுக்கு நான் குடை கொண்டு போகும் ஒரு மனுஷி, அவ்வளவுதான்.

கோவிலுக்குப் போய் நான்கு ஞாயிறாகிறது. சூறாவளி கொண்டுபோன கூரைக்கு இன்னும் தகரம்தான். அது காரணமில்லை. நற்கருணை வாங்கும்போது முழங்காலில் நிற்க முடியவில்லை. வாங்கில் பலகையில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ளலாம், தான் கொண்டுவந்து தருவதாகச் சுவாமி சொன்னார். அந்த ஞாயிறு முதல் நான் போகவில்லை.

நீ செய்ய வேண்டியது இதுதான். கொழும்பில் நல்ல நேர்சிங் ஹோம் ஒன்றில் தனி அறை எடுத்து இந்த ஒப்பரேசனைச் செய்ய எவ்வளவு ஆகும் என்று விசாரித்து எழுது. தனி அறை என்பதைக் கவனித்துக்கொள். பக்கத்து வீட்டு எத்தலின் தமக்கை அரசாங்க வாட்டில் கிடந்தபோது, பார்க்க வந்தவர்கள் வரிசையாகக் கட்டில் கட்டிலாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்களாம், சந்தையில் மீன் பார்ப்பது போல.

வத்தளையில் இருக்கும் உன் சித்தப்பாவின் மகன் புதுவருட வாழ்த்தைத் தபாலட்டையில் எழுதியிருந்தான். தபால்காரர் வினாயகமூர்த்தியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உறை வாங்க வசதியில்லாதவன் எழுதாமல் இருக்கலாம். கன்னியர் மடத்தில் மதர் எங்களுக்குச் சொல்லித் தந்தது: திறந்த அட்டை கடிதம் அல்ல, மதிலில் ஒட்டும் நோட்டீஸ். இந்த வீட்டில் நான் தபாலட்டை ஏற்பதில்லை என்பது அவனுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. பனியில் தலையை மூடிக்கொண்டு போ.

உன் தாய்,
செசீலியா அல்பேட்


கொழும்பு.
24.02.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நல்ல சுகம். உங்கள் இடுப்பைப் பற்றி வாசித்த நாளிலிருந்து மனம் சரியில்லை. இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டு உங்களைக் கோபப்படுத்த விரும்பவில்லை.

நீங்கள் கேட்ட விவரம். கொள்ளுப்பிட்டியில் ஒரு நேர்சிங் ஹோமில் விசாரித்தேன். தனி அறை, டொக்டர், மயக்க மருந்து, மூன்று கிழமை இருப்பு எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் ரூபாவுக்குக் குறையாது. அதில் அரைவாசி அந்த உலோக மூட்டுக்கு. அது இங்கிலாந்திலிருந்து வர வேண்டும்.

இன்னொரு வழி இருக்கிறது. தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். அந்த நேர்சிங் ஹோமில் பின்னேரம் வெட்டுகிற டொக்டர்தான் காலையில் எங்கள் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் வெட்டுகிறார். அதே கை, அதே கத்தி, அதே மூட்டு. எங்களிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. ஒரு தடவைக்கு ஆறு மூட்டுகள்தான் வரும், ஆகவே பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறு மாதம், சில வேளை எட்டு மாதம்.

என் வாட்டில் இருபத்திநாலு கட்டில்கள். இப்படி ஒப்பரேசன் செய்தவர்களுக்குப் பதினேழாம் கட்டில்தான் கொடுப்பேன். யன்னலோரம். வெளியே ஒரு வேப்பமரம் தெரியும். பன்னிரண்டு வருடமாக அந்த வாட்டுக்குப் பொறுப்பான நேர்சிங் சிஸ்டர் நான். இரவும் பகலும் உங்களை நானே பார்த்துக்கொள்வேன். நேர்சிங் ஹோமில் வேறு யாரோ பார்ப்பார்கள்.

ஓம், சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள், நாளைக்கே பெயரைப் பதிந்துவிடுகிறேன்.

உங்கள் அன்பு மகள்,
ஞானமலர்


சேசு மரி சூசை

மட்டக்களப்பு.
05.03.1979

அன்புள்ள மகள் ஞானமலருக்கு,

நான் இருக்கும்படி இருக்கிறேன். உனக்கு நல்ல சுகம் கிடைக்கக் கடவுளை மன்றாடுகிறேன்.

உன் கடிதத்தைக் கடைசி வரை வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது ஒன்று.

உன் அப்பா முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்தார். சம்பளத்தையும் பென்சனையும் தவிர அரசாங்கத்தின் ஒரு காகிதத் துண்டுகூட இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. எத்தலுக்கு எழுதக் காகிதம் வேண்டியிருந்தபோது கச்சேரித் தாளில் ஒன்றைக் கேட்டாள். அவர் கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்தார். அவருடைய மனைவி இலவச மூட்டுக்கு வரிசையில் நிற்க மாட்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பின் தெரியாத இருபத்திமூன்று பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் பெற்ற பிள்ளை எனக்குப் பெட்பான் வைப்பதா? கன்னியர் மடத்தில் உன்னைச் சீனியர் வரை படிப்பித்தது ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பத்தான். நீ வேறு வழி போனாய். அதைப் பற்றி நான் இத்தனை வருடமும் பேசவில்லை, இப்போதும் பேசப் போவதில்லை.

ஆகவே பழுகாமத்து வயலை விற்கலாம் என்று யோசிக்கிறேன். அந்த வயல்வட்டையில் என் பங்கு இரண்டு ஏக்கர். என் தாய் எனக்குத் தந்தது, அவவுக்கு அவவுடைய தாய் கொடுத்தது. அது எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பது உனக்குத் தெரியும். தென்னந்தோட்டத்தை விற்றிருக்கலாம். சூறாவளிக்குப் பிறகு அங்கே மூன்று மரம்தான் நிற்கிறது, அதையும் மரம் என்று சொல்ல முடியாது. உன் அபிப்பிராயத்தை எழுது.

ஒப்பரேசனுக்குப் பிறகு முழங்காலில் நிற்க எத்தனை நாள் ஆகும் என்று அந்த டொக்டரிடம் கேட்டு எழுது. எந்தப் பட்டியலிலும் என் பெயரை எழுதாதே.

உன் தாய்,
செசீலியா அல்பேட்


கொழும்பு.
02.04.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். இரண்டு நேர்ஸ்மார் லீவில் போனதால் ஓய்வே இல்லை. மற்றபடி சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

வயலை விற்பதானால் விற்றுவிடுங்கள்.

டொக்டரிடம் கேட்டேன். ஒப்பரேசன் செய்தால் இடுப்பு நோவு போய்விடும், நடக்கலாம், படி ஏறலாம். ஆனால் இனிக் குந்தி இருக்கக் கூடாது, தரையில் இருக்கக் கூடாது, முழங்காலில் நிற்கவும் கூடாது. உருண்டை குழியை விட்டுக் கழன்றுவிடுமாம். வீட்டில் ஒரு கொமோட் வைக்க வேண்டி வரும். அதற்கு இப்போதே ஆயத்தம் செய்வது நல்லது.

பெட்பான் வைப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். அதுவும் என் வேலையில் ஒரு பகுதிதான்.

உங்கள் அன்பு மகள்,
ஞானமலர்


சேசு மரி சூசை

மட்டக்களப்பு.
18.04.1979

அன்புள்ள மகள் ஞானமலருக்கு,

உயிர்ப்புத் திருநாள் ஆசீர்வாதம் உனக்கு உண்டாவதாக. நான் வீட்டிலிருந்தே மணிச்சத்தத்தைக் கேட்டேன். அதற்கு மேல் என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பதினாலாயிரம் ரூபா கொடுத்து வாங்கும் எலும்பு முழங்காலில் நிற்காதாம். அப்படியானால் அது எதற்கு? படி ஏறுவதற்கா? இந்த வீட்டில் இரண்டே படிதான் இருக்கிறது. கடவுள் வைத்த எலும்பு அறுபத்தெட்டு வருடம் நின்றது. இங்கிலாந்துக்காரன் செய்தது முதல் நாளிலிருந்தே மறுக்கிறது. எத்தலிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "செசீலியா, கடவுளுக்கு முன்னால நீ கதிரையில இருந்தா அவர் எழும்பிப் போயிருவாரா?" என்றாள். அவளுக்கு எல்லாம் பகிடி.

வயல் விஷயமாகக் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். வட்டையில் வேலையைப் பார்க்கும் முல்லைக்காரர்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர். வந்த மனிதர் நல்ல மரியாதைக்காரர்தான். மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு, வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். விலையும் நியாயமாகச் சொன்னார். எழும்பும்போது சும்மா இருந்திருக்கலாம்.

"அம்மா, உங்களுக்கு ஒரு பொம்புளப் புள்ள கொழும்பில இருக்காமே. நம்மட பக்கம் காணி புள்ளைக்குத்தானே. அவட கையெழுத்தும் இருந்தா நல்லம். பிறகு மருமகன் வந்து கேட்டா நான் எங்க போற?" என்றார்.

அறுவடை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ ஒரே வரியில் விற்றுவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்கு முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. ஒரு காணியைப் பற்றி எழுதுகிறோம் என்ற நினைவு உனக்கு இருந்ததா? காணி பிள்ளைக்குத்தானே என்று கடைத்தெருவில் நிற்கும் அந்நியர் கேட்ட கேள்வியை நீ என்னிடம் கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தாய்,
செசீலியா அல்பேட்


கொழும்பு.
09.06.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எத்தல் அன்ரி எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. பின்பக்கக் கிணற்றடிக்குப் போவதையும் இப்போது விட்டுவிட்டீர்களாம். ஒரு நாள் அங்கேயே அரை மணித்தியாலம் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களாம். கூப்பிட்டால் ஆள் வந்திருக்கும். நீங்கள் கூப்பிடவில்லை.

காணியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என்ன பதில் எழுதுவதென்று ஏழு கிழமை யோசித்தேன். அது எதற்காக வைக்கப்பட்டதோ அதற்கான காலம் போய்விட்டது, அம்மா. அது எப்போது போனது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இதற்கு மேல் என்னைக் கேட்க வேண்டாம்.

உங்கள் எக்ஸ்றேப் படத்தை யாரிடமாவது கொடுத்து அனுப்புங்கள். டொக்டரிடம் காட்ட வேண்டும். வரும் மாதங்களில் ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் வரலாம். வந்தால் தயவுசெய்து உடனே வாசித்து அதில் உள்ளபடி செய்யுங்கள். இவ்வளவுதான் என் வேண்டுகோள்.

உங்கள் அன்பு மகள்,
ஞானமலர்


சேசு மரி சூசை

மட்டக்களப்பு.
24.06.1979

அன்புள்ள மகள் ஞானமலருக்கு,

இறைவன் உன்னைச் சுகமாக வைத்திருப்பாராக. எத்தல் எழுதியது எதையும் நம்பாதே. அது அரை மணித்தியாலம் இல்லை, பத்து நிமிடம்.

எக்ஸ்றேப் படத்தை எத்தலின் தம்பி எல்மோவிடம் கொடுத்து அனுப்புகிறேன். மடித்துவிடாதே என்று மூன்று தடவை சொன்னேன். மடித்திருந்தால் எனக்கு எழுது.

டொக்டரின் கடிதத்தை எதிர்பார்த்திருக்கிறேன். நேர்சிங் ஹோமின் தாளில், அறையின் விவரத்தோடும் திகதியோடும் ஒழுங்காக எழுதச் சொல். அது கையில் கிடைத்ததும் களுவாஞ்சிக்குடிக்காரருக்கு ஆள் அனுப்புவேன். கடிதம் வரும்வரை விற்கப் போவதில்லை.

நீ மேலே கேட்க வேண்டாம் என்று எழுதியதால் நான் கேட்கவில்லை.

உன் தாய்,
செசீலியா அல்பேட்


சேசு மரி சூசை

மட்டக்களப்பு.
02.09.1979

அன்புள்ள மகள் ஞானமலருக்கு,

உன்னிடமிருந்து கிட்டத்தட்ட மூன்று மாதமாக ஒரு வரியும் இல்லை. சுகயீனமாக இருந்தால் யாரையாவது கொண்டு எழுதுவித்திருக்கலாம். சுகமாக இருந்தால் எழுதாமல் இருக்க என்ன நியாயம் என்று தெரியவில்லை.

டொக்டரிடமிருந்தும் கடிதம் வரவில்லை. எழுபது நாளாகக் காத்திருக்கிறேன். காலை பத்தரைக்கு சைக்கிள் மணி கேட்டதும் குடையை ஊன்றிக்கொண்டு வாசலுக்குப் போகிறேன். வினாயகமூர்த்தி மதிலுக்கு அப்பாலிருந்தே கையை விரிக்கிறார். கொழும்பில் படித்த ஆட்கள் ஒரு கடிதம் எழுத இத்தனை நாள் எடுத்தால், எலும்பை வெட்ட எத்தனை நாள் எடுப்பார்கள்? அரசாங்க ஆஸ்பத்திரிதான் காக்க வைக்கும் என்று நீயே எழுதினாய். இதுவும் காக்கத்தான் வைக்கிறது.

அந்த வினாயகமூர்த்தியின் போக்கும் இப்போது சரியில்லை. ஓகஸ்ட் மாத நடுவில் ஒரு நாள் தபாலட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டிக்கொண்டு படலையைத் திறந்து உள்ளே வந்தார். அச்சடித்த அட்டை. நான் கண்ணாடிகூடப் போடவில்லை. வழமை போல, நான் ஏற்பதில்லை, கொண்டு போங்கள் என்றேன். வழமை போலக் கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை.

"அம்மா, இது ஆஸ்பத்திரிக் காட். கொழும்பில இருந்து வந்திருக்கு. ஒருக்காப் பாத்துத்துத் தாங்களன்," என்றார்.

"மற்றவங்கட எழுத்த வாசிக்கிறதுக்கோ உங்களுக்குச் சம்பளம் தாறாங்க?" என்று கேட்டேன்.

"வாசிக்கல்லம்மா. கண்ணில பட்டிச்சு," என்றார்.

கண்ணில் பட்டதாம். அதைத்தான் மதர் அன்றே சொன்னார். அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, அதன் மேல் ஏற்கப்படவில்லை என்று எழுதி, கையெழுத்தும் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். சூறாவளிக்குப் பிறகு ஆஸ்பத்திரி, நிவாரணம் என்று பலரும் நன்கொடைக்கு அட்டை அடித்து அனுப்புகிறார்கள். கொடுப்பதை நான் கோவிலில் கொடுக்கிறேன். அந்த மனிதர் படலையைச் சாத்தாமலே போய்விட்டார்.

டொக்டருக்கு நினைவூட்டு.

உன் தாய்,
செசீலியா அல்பேட்


கொழும்பு.
19.09.1979

அம்மாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன்.

நீங்கள் திருப்பி அனுப்பிய அட்டை என் மேசையில் இருக்கிறது. ஏற்கப்படவில்லை என்று உங்கள் கையெழுத்தில், ஒரு எழுத்தும் சாயாமல் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே அச்சில் இருப்பதை நான் எழுதுகிறேன். திருமதி செ. அல்பேட், ஓகஸ்ட் 27ஆம் திகதி காலை எட்டு மணிக்கு அனுமதிக்கப்படுவார், கட்டில் இலக்கம் 17.

நீங்கள் வேண்டாம் என்று எழுதிய பிறகும் மார்ச் மாதமே உங்கள் பெயரைப் பதிந்தேன். உங்களுக்குச் சொல்லாதது என் பிழை. சொன்னால் பெயரை வெட்டச் சொல்வீர்கள் என்று பயந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லோரையும் அச்சடித்த அட்டையால்தான் கூப்பிடுவார்கள். உங்களுடையதை மட்டும் உறையில் போடும்படி கிளாக்கரிடம் சொன்னேன். தலையாட்டினார். ஓகஸ்டில் நான் இரண்டு கிழமை கண்டிக்குப் பயிற்சிக்குப் போனேன். உங்கள் முறை வந்தது அந்த நாட்களில்தான். அட்டைகளும் வழமை போலப் போய்விட்டன.

26ஆம் திகதி திரும்பி வந்து, பதினேழுக்கு நேரே உங்கள் பெயரைக் கண்டேன். விரிப்பை நானே மாற்றினேன். அட்டை கிடைத்தும் நீங்கள் மறுத்து எழுதவில்லையே, மனம் மாறிவிட்டீர்கள் என்று நினைத்தேன். மறுநாள் விடியற்காலை மட்டக்களப்பு ரயிலுக்குக் கோட்டை ஸ்டேசனுக்குப் போனேன், ஒரு சக்கர நாற்காலியையும் இரவல் வாங்கிக்கொண்டு. கடைசிப் பெட்டி வெறுமையாகும் வரை நின்றேன்.

கட்டிலை இரண்டு நாள் வைத்திருந்தேன். அதற்கு மேல் எனக்கு அதிகாரம் இல்லை. ஏறாவூரிலிருந்து வந்த சித்தி நபீஸா என்ற ஒரு முஸ்லிம் அம்மாவுக்குக் கொடுத்தார்கள். ஆறாவது மூட்டும் அவவுக்குத்தான் போனது. நேற்று வாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தா. "மனே, உங்கட உம்மாக்கும் இதைச் செய்து குடுங்க, ஆண்டவன் உங்களுக்குக் கூலி தருவான்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா. நான் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அடுத்த ஆறு மூட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

மதர் சொல்லித் தந்ததைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். அப்பா திருகோணமலைக் கச்சேரியில் இருந்தபோது கிழமைக்கு ஒரு தபாலட்டை எழுதினார். அவற்றை நீங்கள் திருப்பி அனுப்பவில்லை. பிஸ்கட் ரின் ஒன்றில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறீர்கள், நான் பார்த்திருக்கிறேன். அட்டை ஏற்பதில்லை என்ற சட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது 1961இல், அப்பா போன பிறகு. என்னை விரும்பிய பற்றிக் என்ற அந்த மனிதர் பதுளைக்கு மாற்றலாகிப் போய், அங்கிருந்து எனக்கு ஒரு அட்டை எழுதினார். நான் அதைக் காணவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்போது நான் நேர்ஸாக இருந்த வாட்டில் அவருடைய மனைவியைச் சேர்க்க வந்தபோதுதான் சொன்னார். "காட் திரும்பி வந்திச்சு. நீங்கதான் வேணாமெண்டு அனுப்பினதெண்டு நினைச்சன்." அவர் மருந்து கலந்து கொடுக்கும் ஒரு டிஸ்பென்சர். அதற்கு மேல் அவரிடம் என்ன குறை இருந்தது என்று நான் உங்களிடம் கேட்டதில்லை. அவர் என்ன எழுதியிருந்தார் என்று நான் அவரிடமும் கேட்கவில்லை. மனைவி பக்கத்தில் படுத்திருந்தா.

உங்கள் ஒரே கையெழுத்தோடு இரண்டு அட்டைகள் எங்கள் வீட்டு வாசலிலிருந்து திரும்பிப் போயிருக்கின்றன. இனி உங்கள் பெயரை நானாக எங்கும் எழுத மாட்டேன். வேண்டுமென்றால் நீங்கள் கேட்க வேண்டும்.

ஞானமலர்


கொழும்பு.
21.10.1979

அன்புள்ள அம்மாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. எழுதியதில் பொய் இல்லை, ஆனால் வலியோடு இருக்கும் ஒருவருக்கு எழுதும் முறை அதுவல்ல. என் நோயாளிகளிடம் நான் அப்படிப் பேசுவதில்லை.

சுகமாக இருக்கிறீர்களா? இரவில் நித்திரை வருகிறதா? வலி கூடினால் சுடுதண்ணீர்ப் பை வையுங்கள், இடுப்பின் கீழே ஒரு மெல்லிய தலையணையும் வையுங்கள். வயலை விற்று நேர்சிங் ஹோமிலேயே செய்வதானால் அதற்கும் நான் லீவு எடுத்துக்கொண்டு வந்து நிற்பேன். ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
ஞானமலர்


(தபாலட்டை. இரு பக்கமும் நெருக்கி எழுதியது.)

சேசு மரி சூசை

மட்டக்களப்பு.
05.11.1979

அன்புள்ள மகள் ஞானமலருக்கு,

சுகமில்லை. நித்திரையும் இல்லை. நீ கேட்டபடி எழுதுகிறேன்.

இந்த அட்டையை வினாயகமூர்த்தியிடம் காசு கொடுத்து வாங்குவித்தேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். படலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, எழுதி முடியும் வரை நிற்கிறார். வாசிப்பார். வாசிக்கட்டும்.

என் பெயரைப் பட்டியலில் எழுது. அரசாங்க வாட், உன்னுடைய வாட். பதினேழு கிடைக்காவிட்டால் எந்தக் கட்டிலானாலும் சரி. எத்தனை மாதமானாலும் காத்திருப்பேன். கைத்தடி வாங்கிவிட்டேன். போன ஞாயிறு கோவிலுக்குப் போய், வாங்கிலில் இருந்தபடி நற்கருணை வாங்கினேன். எல்லோரும் பார்த்தார்கள்.

களுவாஞ்சிக்குடிக்காரருக்கு இல்லை என்று சொல்லியனுப்பினேன். வயலை நொத்தாரிசிடம் போய் உன் பெயருக்கு எழுதிவிட்டேன். சீதனமாக அல்ல. வைத்திரு, விற்றுவிடு, உன் விருப்பம்.

1961இல் வந்த அட்டையை நான் வாசிக்காமல் திருப்பவில்லை. வாசித்தேன். உயிர்ப்பு ஞாயிறு முடிந்து மறு கிழமை, தாயையும் கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் பேசலாமா என்று உன்னைக் கேட்டிருந்தார். மரியாதையான எழுத்து. ஒரு பிழைகூட இல்லை. பிழை ஒன்று இருக்கிறதா என்று நான் பலமுறை தேடிப் பார்த்தேன்.

கிளாக்கரிடம் உறை கேட்காதே. எல்லோருக்கும் அனுப்புகிற அட்டையையே எனக்கும் அனுப்பச் சொல்.

அம்மா